அத்தை பார்த்துக்குவாங்க

தைப்பூசத்தில் காவடி எடுக்கிறவரை ஊரே பார்க்கும். போட்டோ எடுப்பார்கள், வீடியோ எடுப்பார்கள், செய்தியில்கூடக் காட்டுவார்கள். அந்தக் காவடிக்குப் பத்தடி பின்னால், தோளில் ஒரு பையோடு, எந்தப் போட்டோவிலும் முழுதாக விழாமல் ஒரு பெண்மணி நடந்து வருவார். அவருடைய பையில் தண்ணீர் இருக்கும், துண்டு இருக்கும், ஊக்கு இருக்கும், இருமல் மிட்டாய்கூட இருக்கும். குடும்பத்துக்கு ஒருவர் அப்படி உண்டு. சுந்தரேசன் குடும்பத்தில் அது அவருடைய தங்கை வைதேகி.

வைதேகிக்குப் போன மாதம் ஐம்பத்தாறு முடிந்தது. சிங்கப்பூரில், சுவா சூ காங்கில் மூவறை வீடு. அம்மா இருந்தவரை இரண்டு பேர், அம்மா போன பிறகு ஒரே ஆள். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்றால் அதற்குப் பெரிய கதை ஏதோ இருக்கும் என்று நினைக்க வேண்டாம். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. அது முடிந்ததும் அம்மாவுக்கு முட்டிவலி, அப்புறம் சர்க்கரை. பெண் பார்க்க வந்தவர்கள் மொத்தம் இரண்டு பேர். ஒருவருக்கு இவளைப் பிடிக்கவில்லை, இன்னொருவரை இவளுக்குப் பிடிக்கவில்லை. அதற்குள் நாற்பது வந்துவிட்டது, பிறகு யாரும் கேட்கவில்லை. அவ்வளவுதான் கதை.

வேலை, பாலிகிளினிக் என்கிற அரசு மருந்தகத்தில், பதிவு முகப்பில். முப்பத்தொரு வருடம். எண் வந்ததைக் கவனிக்காமல் உட்கார்ந்திருக்கிற தாத்தா யார், காலையில் சாப்பிடாமல் ரத்தப் பரிசோதனைக்கு வந்து மயங்கப் போகிற அம்மா யார் என்று அங்கிருந்தே கண்டுபிடித்துவிடுவாள். மற்றவருக்கு என்ன வேண்டும் என்று அவர்கள் கேட்கும் முன்னே தெரிந்துவிடுகிற புத்தி அது. நல்ல புத்திதான். ஆனால் அப்படிப்பட்டவர்களிடம் உனக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.

பை தூக்குகிற வேலை அவளிடம் வந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால், நடை முடிவது டேங்க் ரோடு முருகன் கோயிலில். இடையே மூன்று கிலோமீட்டருக்கு மேல். போகும்போது பக்தி காலைக் காப்பாற்றும். காவடியை இறக்கிய மறு நிமிடமே தார் ரோடு தன் வேலையைக் காட்டும். இருபத்திரண்டு வருடத்துக்கு முன், சுந்தரேசன் முதன்முதலாகக் காவடி எடுத்த அன்று, அரோகரா சொல்லி ஆடிவந்த மனிதர், முடிந்தபின் உச்சி வெயிலில் கால் மாற்றிக் கால் மாற்றிக் குதித்தபடி டாக்சி தேடினார். செருப்பு பெருமாள் கோயிலில் கிடந்தது.

மறு வருடத்திலிருந்து வைதேகி ஓர் ஏற்பாடு செய்தாள். கூட வருகிற எட்டுப் பேருக்கும் எட்டு பிளாஸ்டிக் பை. ஒவ்வொன்றிலும் கறுப்பு மார்க்கரால் பெயர். எல்லாரும் செருப்பைக் கழற்றி விசிறிவிட்டு உள்ளே ஓடியதும், இவள் வாசலில் குனிந்து ஒவ்வொரு ஜோடியாகப் பொறுக்கி அதனதன் பையில் போட்டுக் கட்டி, தோள் பைக்குள் அடுக்கிக்கொள்வாள். தன் செருப்புக்கென்று தனிப் பை வைத்துக்கொள்ளவில்லை. அண்ணன் பையிலேயே போட்டுவிடுவாள். டேங்க் ரோட்டில் காவடி இறங்கி எல்லாரும் வெளியே வரும்போது அவரவர் காலடியில் அவரவர் செருப்பு இருக்கும். அது எப்படி அங்கே வந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது, யார் கேட்கிறார்கள்?

அந்த வீட்டில் ஒரு பேச்சு உண்டு. துண்டு எங்கே, மாத்திரை எங்கே, எலுமிச்சம்பழம் யாரிடம் என்று எது கேட்டாலும், "அத்தை பார்த்துக்குவாங்க" என்பார்கள். சொல்லத் தொடங்கியவன் சக்தி, சுந்தரேசனின் ஒரே மகன். பதின்மூன்று வயதில் அம்மாவை இழந்தவன். பள்ளி விடுமுறை விட்டால் அத்தை வீட்டுச் சோபாவில்தான் கிடப்பான். இருபத்தொரு வயதில் அப்பாவிடமிருந்து காவடியைத் தன் தோளுக்கு வாங்கிக்கொண்டான். அலகு குத்திக்கொண்டு அவன் முன்னால் ஆட, பை தூக்கிக்கொண்டு இவள் பின்னால் நடப்பாள்.

சுந்தரேசன் போய் ஒரு வருடம் தாண்டிவிட்டது. துக்க வருடத்தில் காவடி கிடையாது. இந்த வருடம்தான் சக்தி மறுபடி எடுக்கிறான்.

முன்பெல்லாம் நாற்பத்தெட்டு நாள் விரதம் தொடங்குவதற்கு முதல் நாள் அண்ணன் போன் செய்வார். "வைதேகி, நாளையிலேருந்து கவுச்சி இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். இந்த வருடம் போன் வரவில்லை. போன் செய்கிறவர்தான் இல்லையே என்று அவளாகவே நாள்காட்டியில் எண்ணிப் பார்த்து, மீனை நிறுத்தி, விரதத்தைத் தொடங்கினாள். பை தூக்குகிறவர் விரதம் இருந்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இருந்து பழகிவிட்டது.

பதினேழாவது நாள், மதிய இடைவேளையில், கவிப்ரியாவின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைத் திறந்தாள். கவிப்ரியா சக்தியின் மனைவி. கல்யாணமாகி மூன்று வருடம், பொங்கோலில் வீடு. அலுவலகத்தில் பெரிய வேலைகளைப் பிரித்துக் கொடுத்து முடிக்க வைக்கிற பொறுப்பு. வீட்டிலும் எதையும் பட்டியல் போட்டுத்தான் செய்வாள். கெட்ட பெண் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். ஸ்டேட்டஸில் மஞ்சள் டீ-ஷர்ட்டுகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. முதுகில் வேல் படம், கீழே 'சக்தி காவடி குழு' என்ற எழுத்து. 'இருபத்தெட்டும் வந்தாச்சு!' என்று மேலே போட்டிருந்தாள்.

வைதேகி படத்தைப் பெரிதாக்கினாள். கழுத்துப் பட்டியில் அளவு தெரிந்தது. எல்லாமே பெரிய அளவுகள். தனக்கு ஆகிற மாதிரி சின்ன அளவில் ஒன்றாவது இருக்கிறதா என்று ஓரம் ஓரமாக நகர்த்தித் தேடினாள். இல்லை. குழு ஒன்று இருக்கிறது, அதற்கு வாட்ஸ்அப்பில் தனி இடம் இருக்கிறது, அதில் தான் இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சாப்பாட்டை மூடி வைத்துவிட்டாள்.

ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்டிருக்கலாம்தான். என்னைக் கூப்பிட மறந்துவிட்டீர்களே, கூப்பிடுங்கள் என்று சொல்ல ரோஷம் இடம் தரவில்லை. இன்று கூப்பிடுவான், நாளைக்குக் கூப்பிடுவான் என்று போனைப் பார்த்துப் பார்த்து இருபத்தைந்தாவது நாளும் வந்துவிட்டது. விரதம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. யாருக்காக, எதற்காக என்றுதான் தெரியவில்லை. பாதியில் விடவும் பயம். அன்று மாலை இணையத்தில் போய்த் தன் பெயருக்கு ஒரு பால்குடம் பதிந்தாள். நேரம் காலை எட்டு மணி. இருபத்திரண்டு வருடத்தில் அவள் பெயருக்கு என்று ஒரு சீட்டு வந்தது அதுதான் முதல் தடவை.

ஹஸீனாவுக்கு மட்டும் விஷயம் தெரிந்தது. பக்கத்து முகப்பில் உட்காருகிறவள், விடுப்பு விண்ணப்பத்தில் 'பால்குடம்' என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டாள்.

"அக்கா, இந்த வருஷம் நீங்களே குடம் எடுக்கிறீங்களா? யாரு கூட வர்றா?"

"வீட்ல எல்லாரும்தான்."

"இல்லன்னா சொல்லுங்க லா. நானும் ஒரு நாள் லீவு போட்டுட்டு வர்றேன். கோயிலுக்குள்ள வரமாட்டேன், ரோட்டுல கூட நடந்து பை தூக்கிட்டு வர எனக்கென்ன?"

"ஐயோ, வேணாம் ஹஸீனா. இருபத்தெட்டுப் பேர் வர்றாங்க. டீ-ஷர்ட்லாம் அடிச்சாச்சு."

பொய் சொல்லவில்லை, எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த உண்மையைச் சொல்லித்தான் கூட வர இருந்த ஒரே ஆளையும் அவள் தட்டிக் கழித்தாள். இப்படிப்பட்டவர்களுக்கு வாய் இருப்பதே 'வேண்டாம்' சொல்லத்தான்.

தைப்பூசத்தன்று விடியலில் எழுந்து குளித்து, மஞ்சள் சேலை கட்டி, பையை நிரப்பிக்கொண்டு எம்ஆர்டி ரயில் ஏறினாள். டோபி காட் நிலையத்தில் மாறி ஃபேரர் பார்க்கில் இறங்கியபோது ஏழேகால். மழை பெய்து விட்டிருந்தது, சாலை குளிர்ச்சியாக இருந்தது. பெருமாள் கோயில் வாசலில் கூட்டத்தோடு கூட்டமாகச் செருப்பைக் கழற்றினாள். அதைப் போடுவதற்குப் பையைத் திறந்தபோதுதான் தான் செய்திருப்பது தெரிந்தது.

உள்ளே ஆறு பாட்டில் தண்ணீர். இரண்டு துண்டு. ஊக்குப் பெட்டி. ஆண்பிள்ளை கட்டுகிற கரை வேட்டி ஒன்று. இருட்டோடு எழுந்து, யோசிக்காமல், கை பழகின பழக்கத்தில் காவடிக் குழுவுக்கான பையை முழுசாகக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். தலையில் குடம் ஏறினால் இரண்டு கையும் அதற்கே போய்விடும். இந்த மூட்டையை யார் தூக்குவது? கையை இன்னும் உள்ளே விட்டதும் மடித்து வைத்த பிளாஸ்டிக் பைகள் வந்தன. எட்டு. மேலே இருந்ததில் 'சுந்தர்' என்று அவள் கையெழுத்து.

பிறகு எப்போதும் போலத் தன் செருப்பை அந்தப் பையிலேயே போட்டுக் கட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, வேலி ஓரத்துச் செருப்புக் குவியலில் ஒரு ஜோடி கண்ணில் பட்டது.

கறுப்புத் தோல் செருப்பு, பெரிய கால். இடது செருப்பின் மேல் வலது செருப்பு குறுக்கே ஏறிக் கிடந்தது. பதின்மூன்று வயதிலிருந்து அவள் வீட்டு வாசலிலும் அப்படித்தான் கிடக்கும். நேராகக் கழற்றி வைடா என்று ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள். அதைச் சுற்றி ஷூக்கள், பூப்போட்ட செருப்புகள், இன்னும் இருபது முப்பது ஜோடிகள் சிதறிக் கிடந்தன. சக்தியின் குழு இவளுக்கு முன்பே வந்து உள்ளே போய்விட்டது.

கை தானாகவே 'சக்தி' என்று எழுதிய பையை விரித்துவிட்டது. குனியவும் குனிந்துவிட்டாள். செருப்பு விரலுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

அப்போது மனம் சொன்னது: எனக்கு டீ-ஷர்ட் இல்லை.

நிமிர்ந்தாள். பையை மடித்து உள்ளே வைத்தாள். நான் இல்லாதது அவனுக்குத் தெரியட்டும், என்று நினைத்தாள். ஒரு தடவையாவது தெரியட்டும். இன்று முருகனிடம் என்ன கேட்க வேண்டும் என்று இத்தனை நாளாகத் தெரியாமல் இருந்தது, இப்போது தெரிந்துவிட்டது. கேட்பதற்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தாலும் இதைத்தான் கேட்கப் போகிறாள்.

வரிசையில் நின்றபடி தண்ணீர்ப் பாட்டில்களை முன்னும் பின்னும் நின்றவர்களுக்குக் கொடுத்தாள். "எந்தத் தண்ணீர்ப் பந்தல் அக்கா நீங்க?" என்று ஒருவர் பவ்யமாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். பையை வயிற்றோடு குறுக்காக மாட்டிக்கொண்டாள். உள்ளே பூசை முடிந்து, குடத்தில் பால் ஊற்றி, வாயை மஞ்சள் துணியால் கட்டி, மாலையும் சுற்றியாயிற்று. அடுத்த சங்கடம் வந்தது. குடத்தைத் தானே தூக்கித் தலையில் வைத்துக்கொள்வது வழக்கம் இல்லை. வீட்டு ஆள் தூக்கி வைக்க வேண்டும்.

இவளுக்குப் பின்னால் நின்றவர் கப்பல் பட்டறைத் தொழிலாளி, அவரும் தனியாள். "நான் உங்களுக்குத் தூக்கி விடுறேன்மா, நீங்க எனக்குத் தூக்கி விடுங்க" என்றார். சரி என்று இருவரும் குடத்தை நெருங்கியபின்தான் கணக்கு இடித்தது. முதலில் யாருடைய தலையில் ஏறினாலும் அவருடைய கை இரண்டும் மாட்டிக்கொள்ளும், பிறகு மற்றவருக்கு யார் தூக்குவது? இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். அன்று முழுவதிலும் வைதேகி சிரித்தது அந்த ஒரு தடவைதான். அவருக்கு இவள் தூக்கி வைத்தாள். அவர் அரோகரா என்று நடந்து போய்விட்டார். இவள் குடத்துக்குப் பக்கத்தில் நின்றாள்.

ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். அடுத்த குடும்பத்தில் பச்சைச் சேலை கட்டிய ஓர் அம்மா, தன் மகளுக்குத் தூக்கி வைத்துவிட்டுத் திரும்பியவர், இவளைப் பார்த்தார். "யாரும் வரலையாம்மா?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் குடத்தை எடுத்து, முருகா என்று மூன்று தரம் உயர்த்தி, இவள் தலையில் வைத்தார். வைத்த கையோடு மகளுக்குப் பின்னால் ஓடினார். நன்றி சொல்லத் திரும்பக்கூட முடியவில்லை, தலையில் குடம்.

சிராங்கூன் சாலையில் அவள் நடந்தாள். வெற்றிவேல் என்று ஒரு பக்கம் கேட்டது, வீரவேல் என்று எல்லாப் பக்கமும் பதில் வந்தது. அவளும் சொல்லிப் பார்த்தாள். தனியாகச் சொல்லும்போது குரல் பக்கத்து ஆளுக்கே எட்டவில்லை. இருபத்திரண்டு வருடம் யாராவது ஒருவர் முதுகைப் பார்த்தே நடந்து பழகியவள். அண்ணன் முதுகு, பிறகு சக்தி முதுகு. வேர்க்கிறதா, தள்ளாடுகிறானா, வேட்டி நழுவுகிறதா என்று கண் ஒரு வேலையோடு இருக்கும். இன்று முன்னால் இருந்தது வெறும் சாலை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் எதிரே தொங்கிய சாலை விளக்குகளைப் பார்த்துக்கொண்டு நடந்தாள். தொண்டை காய்ந்தது. மீதி ஒரு பாட்டில் தண்ணீர் வயிற்றுக்கு முன்னால்தான் தொங்குகிறது, எடுக்கத்தான் கை இல்லை. இத்தனை பேர் நடுவில் இவ்வளவு தனியாக இருக்க முடியும் என்று அவள் நினைத்ததில்லை.

சிலிகி சாலை தாண்டும்போது வெயில் வந்துவிட்டது. காலையில் குளிர்ந்து கிடந்த தார் சுட ஆரம்பித்தது. சுட்ட முதல் அடியிலேயே அவளுக்கு நினைவு வந்தது தன் கால் அல்ல, சக்தியின் கால்.

டோபி காட்டுக்குப் பக்கத்தில், மேளம் வைக்க அனுமதித்த இடத்தில், மஞ்சள் டீ-ஷர்ட்டுகள் வட்டமாக நின்றன. நடுவில் சக்தி. நாக்கில் வேல், மார்பெல்லாம் அலகு, தலைக்கு மேல் மயில்தோகை விரிந்த காவடி. ஆடிக்கொண்டிருந்தான். பால்குடக்காரர்கள் போகிற தடம் அந்த வட்டத்தை உரசிக்கொண்டு போயிற்று. வைதேகி நடையை மெதுவாக்கினாள்.

சக்கரம் வைத்த வண்டியில் தண்ணீர்ப் பெட்டிகள், பனிக்கட்டி, கையடக்க மின்விசிறி, முதலுதவிப் பை என்று எல்லாம் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தார்கள். கவிப்ரியா மண்டியிட்டு அவன் பாதத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு குறையும் இல்லை. நன்றாகவே பார்த்துக்கொள்கிறார்கள். அது நிம்மதிதான். ஆனால் அத்தை இல்லாமலே நடக்கிறது. பத்தடி தூரத்தில் போனாள். இருபத்தெட்டுப் பேரில் ஒருவர் திரும்பவில்லை. கூப்பிட்டால் கேட்கும். அவள் கூப்பிடவில்லை. தடத்தில் பின்னால் வந்தவர்கள் "நடங்கம்மா, நடங்க" என்றார்கள். அவள் அவர்களைக் கடந்து முன்னால் போய்விட்டாள்.

கிளமென்சோ அவென்யூ மேட்டில் கை மரத்தது. டேங்க் ரோட்டு வரிசையில் இன்னும் ஒரு மணி நேரம். சந்நிதிக்கு முன்னால் வந்தபோது தொண்டர் குடத்தை வாங்கினார், துணியை அவிழ்த்தார், பால் போயிற்று. மூன்று நொடிக்கு மேல் இருக்காது. சொல்ல வேண்டியதை அவள் வழியெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். நான் இல்லாதது அவனுக்குத் தெரியணும் முருகா. ஆனால் விளக்கொளியில் அந்த முகத்தைப் பார்த்ததும் வாய் தன் பழக்கத்துக்குப் போய்விட்டது.

"புள்ளைக்குக் கால் சுடக்கூடாது முருகா. கொஞ்சம் மேகம் போடு."

"நகருங்கம்மா, நகருங்க" என்றார்கள். காலிக் குடத்தோடு வெளியே வந்தாள். நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்து, மூன்று கிலோமீட்டர் நடந்து, கடைசியில் அங்கேயும் பைதான் தூக்கியிருக்கிறாள். அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

வானத்தில் மேகம் ஒன்றும் வரவில்லை. உச்சி வெயில் வெள்ளையாக அடித்தது. கோயில் சுவர் ஓரம் ஒரு மரத்து நிழலில் உட்கார்ந்தாள். அன்னதானத் தட்டை வாங்கிக்கொண்டு பாதிதான் சாப்பிட்டாள். 'சுந்தர்' பையைப் பிரித்துச் செருப்பைப் போட்டுக்கொண்டு எம்ஆர்டிக்குப் போக வேண்டியதுதான். போகவில்லை. இளைப்பாறுகிறேன் என்று சொல்லிக்கொண்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

முக்கால் மணி நேரம் கழித்து மஞ்சள் கூட்டம் வெளியே வந்தது. காவடி இறக்கி, அலகு எடுத்து, உடம்பெல்லாம் திருநீறு பூசி சக்தி நடுவில் வந்தான். வெளியே தார் ரோட்டில் காலை வைத்த முதல் ஆள் "ஆ" என்று துள்ளினார். அடுத்தவரும் துள்ளினார். மொத்தக் குழுவும் கால் மாற்றிக் கால் மாற்றி நிழலுக்கு ஓடியது.

"செருப்பு யாருகிட்ட இருக்கு?"

"வண்டியில இல்லையா?"

"வண்டியில தண்ணிதான் லா. செருப்பு யாரோ எடுத்துட்டு வருவாங்கன்னு சொன்னீங்களே."

"நான் எங்க சொன்னேன்? எப்பவும் யாரு எடுத்துட்டு வர்றது?"

கவிப்ரியா போனில் பட்டியலைத் திறந்து மேலும் கீழும் தள்ளினாள். அதில் பனிக்கட்டி இருந்தது, மின்விசிறிக்கு மாற்று பேட்டரி இருந்தது. செருப்பு இல்லை. இருபத்தெட்டு ஜோடியும் பெருமாள் கோயில் வாசலில் கிடந்தன. எப்பவும் யாரு என்ற கேள்விக்கு அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை, ஒருவனைத் தவிர. சக்தி கழுத்தைத் திருப்பி மெதுவாகச் சுற்றிலும் தேடினான். மரத்தடியில் அவளைப் பார்த்துவிட்டான். முகத்தில் வியப்பு எதுவும் இல்லை. எப்போதும் இருக்கிற இடத்தில் இருக்கிற ஒன்றைப் பார்த்ததுபோல நேராக வந்து கையை நீட்டினான். நாக்கு தடித்துப் பேச்சு குழறியது.

"அத்தை, செருப்பு?"

வைதேகி எழுந்தாள். 'சுந்தர்' பையைப் பிரித்துத் தன் செருப்பை எடுத்துக் கீழே போட்டாள்.

"என்னோடது மட்டும்தான்டா இருக்கு."

அவனுக்குப் புரியவில்லை. "ஏன்? இவ்ளோ நேரம் பின்னாலதானே வந்தீங்க?"

"இல்ல. டோபி காட்லயே உங்களைத் தாண்டி வந்துட்டேன்."

அப்போதுதான் அவன் கண் அவள் காலடியில் இருந்த குடத்தில் பட்டது. வாயைச் சுற்றி ஈர மஞ்சள் துணி, வாடிய மாலை. பிறகு அவள் சேலையைப் பார்த்தான். பிறகு தன் தோளில் துண்டோடு சுருட்டிப் போட்டிருந்த மஞ்சள் டீ-ஷர்ட்டை.

"யாரு குடம் இது?"

"என்னோடது."

சக்தி திரும்பினான். "கவி, நீ அத்தைகிட்டச் சொல்லல?"

"நீ சொல்லியிருப்பேன்னு நெனச்சேன். உன் அத்தைதானே..." கவிப்ரியா போனை இறக்கினாள். குழுவில் இருந்த பெயர்களை மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும், முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ அத்தை. நான் உங்களைச் சேர்க்கவே இல்ல."

சந்நிதியில் கேட்டது கிடைக்கவில்லை, கேட்காமல் விட்டது கிடைத்துவிட்டது. சந்தோஷமாக இருக்கும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். இல்லை. அவன் காலைப் பார்த்தாள். விரலிடுக்கில் தோல் கொப்பளித்திருந்தது.

"உன் செருப்பைக் காலையில வாசல்ல பார்த்தேன்டா" என்றாள். "ஒண்ணு மேல ஒண்ணு போட்டிருந்த. வேணும்னுதான் எடுக்கல."

அவன் கோபிக்கவில்லை. கோபித்துக்கொண்டாலாவது தேவலை என்று இருந்தது அவளுக்கு. குனிந்து குடத்தில் இருந்த வாடிய மாலையைத் தொட்டான். பிறகு கேட்டான்.

"யாரு அத்தை உங்களுக்குத் தூக்கி வச்சாங்க?"

இத்தனை நேரம் தாங்கிய வைதேகிக்கு அந்தக் கேள்வியில்தான் உடைந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"யாரோ ஒரு அம்மா. பேர் கேக்கல."

அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. செருப்பை மாட்டினாள், பையைத் தோளில் போட்டாள், குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். பின்னால் கவிப்ரியா ஏதோ சொன்னாள், யாரோ டாக்சி என்றார்கள். பத்தடி போயிருப்பாள். வெறுங்கால் தாரில் பட்டு எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது. ஒரே ஆள் சத்தம். "அத்தை, நில்லுங்க" என்று குழறிய குரல் வந்தது.

அவள் நிற்கவில்லை, திரும்பவும் இல்லை. வெயிலில் இருந்து விலகி, சுவரை ஒட்டி நிழல் விழுந்த பக்கமாக வந்து, மெதுவாக நடந்தாள்.